உடன்பிறந்தோர்: இல்லை

1

போன மாதம் இங்கே குடியுரிமை அலுவலகத்தில் ஒரு அம்மாள் கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதித் தர வேண்டியிருந்தது. ஜெர்மனியில் வாயால் சொன்னது எதுவும் செல்லாது. தும்மினால்கூட இரண்டு பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

காஸல் என்று ஒரு ஊர். ஒன்பது வருடமாக இருக்கிறேன். எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள் என்று ஏழே முக்காலுக்கே போய்க் குளிரில் நின்றேன். எந்த ஆபீஸுக்குப் போனாலும் இப்படித்தான். சொல்ல வேண்டிய வாக்கியங்களை டிராமில் உட்கார்ந்து நாலு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போவேன். அப்படியும் உள்ளே போனதும் பாதி மறந்துவிடும்.

அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். என் கோப்பிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ஒன்பது வருடம் முன்பு விசாவுக்குக் கொடுத்த படிவத்தில் உடன்பிறந்தோர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது ஒரு தங்கை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தங்கை பிறகு பிறந்தவரா?"

"தங்கைக்கு இருபத்தேழு வயது" என்றேன்.

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார். கோப்பை மறுபடி புரட்டி இன்னொன்றை எடுத்தார். என் கல்யாணப் பத்திரிகை. கல்யாணம் நடந்ததற்கு அத்தாட்சியாக அப்போது மொழிபெயர்ப்போடு சேர்த்துக் கொடுத்தது. நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் பழுப்பேறிக் கிடந்தது.

"இதிலும் அவர் பெயர் இல்லையே" என்றார்.

இல்லைதான். நாலு வாரத்துக்குள் எழுத்தில் விளக்கம் தரச் சொன்னார். ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வாக்கியங்களில் இதற்குப் பொருந்துவது ஒன்றுகூட இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

2

உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் எங்கள் ஊர். நாலு ஏக்கர் நிலம், ஏரிப் பாசனம். வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள். நான் பெரியவள், கோமதி. எனக்குப் பின்னால் எட்டு வருடம் கழித்துப் பிறந்தவள் தங்கை.

நாலு வயது வரை அவள் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது புத்தகத் தமிழில் பேசினாள். "நான் சாப்பிட்டுவிட்டேன். எனக்குத் தண்ணீர் வேண்டும்." டிவி செய்தியிலிருந்தும் பேப்பரிலிருந்தும் பொறுக்கிக்கொண்ட தமிழ். ஊரில் அவளுக்கு 'நியூஸ்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். "இன்னா நியூஸ், இன்னிக்கு மழை வருமா?" என்று கேட்பார்கள். அவள் நின்று வானத்தைப் பார்த்து, "வாய்ப்பில்லை" என்று சொல்லிவிட்டுப் போவாள். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிடுவாள். அம்மா அந்தக் குக்கரைத் தூக்கிப் பரணில் போட்டாள். அன்றைக்கிலிருந்து இன்றைக்கு வரை எங்கள் வீட்டில் சோறு பானையில்தான் கொதிக்கிறது. அதை அம்மா ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அவளுக்கு ஆறு வயதில் சென்னையில் ஒரு டாக்டர் ஆட்டிசம் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் காதோடு சொன்னாள்: "ஆருகிட்டயும் வாயத் தொறக்காதே. உனக்கு நாளைக்கு நல்லது நடக்கணும்." எனக்கு அப்போது பதினாலு வயது. வாயைத் திறக்கவில்லை.

நல்லது நடந்தது. சேலத்திலிருந்து ஜெர்மனி மாப்பிள்ளை, செந்தில். தரகர் வந்து உட்கார்ந்ததுமே அம்மா, "எங்களுக்கு ஒரே பொண்ணு" என்று சொல்லிவிட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்த நாளில் தங்கை தாமலில் மாமா வீட்டில் இருந்தாள். கல்யாணத்தன்றும் அங்கேயேதான் இருந்தாள்.

இதை எழுதக் கை கூசுகிறது. அவளை அனுப்பிவைக்கும்போது காரணம் சொன்னவள் நான். "உனக்கு மேளச் சத்தம் ஆவாதுடி" என்றேன். அவள் யோசித்துவிட்டு, "நான் காதைப் பொத்திக்கொண்டு பார்க்கிறேனே, அக்கா" என்றாள். நான் அவள் பையில் துணி மடித்து வைத்தேன்.

பத்திரிகையில் அவள் பேர் இல்லை. அந்தப் பத்திரிகையைப் பார்த்துத்தான் செந்தில் விசா படிவத்தை நிரப்பினார். 'உடன்பிறந்தோர்: இல்லை.' நான் கையெழுத்துப் போட்டேன்.

அவருக்கு விஷயம் தெரிந்தது மூன்றாம் மாதம், இங்கே வந்த பிறகு. நான் போனில் தங்கையோடு பேசுவதைக் கேட்டுவிட்டு யார் என்றார். சொன்னேன். டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எங்கம்மாகிட்ட சொல்லிடாதே" என்று மட்டும் சொன்னார். அப்போது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது, வெட்கங்கெட்டவள்.

3

இங்கே நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இடைவேளை. அப்போது ஊரில் மதியம் ஒன்றரை. தங்கைக்குச் சாப்பாட்டு நேரம். ஒன்றரை என்றால் ஒன்றரைக்கு அவள் போன் வரும். நீ இந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டியவள்டி என்று கிண்டல் செய்வேன். இங்கே வருடத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் மாற்றுவார்கள் என்று முதல் தடவை சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருடைய அனுமதியோடு மாற்றுகிறார்கள்?" என்றாள். இரண்டு நாள் பேசவில்லை.

சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு நாளில் நான் வாய்விட்டுப் பேசும் ஒரே கால் மணி நேரம் அதுதான். மற்ற நேரமெல்லாம் புத்தக ஜெர்மன். ரொட்டிக் கடையில், "தாங்கள் எனக்கு இரண்டு ரொட்டிகள் தந்தருள முடியுமா" என்கிற தோரணையில் நான் கேட்க, அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்துத் தருவாள். என் பெண் இனியாவுக்கு ஏழு வயது. "அம்மா, அப்படி யாருமே பேசமாட்டாங்க" என்று அவள் மொழியில் கடிந்துகொள்வாள். பள்ளிக்கூட வாசலில் நான் வாயைத் திறந்தால் நாலடி தள்ளி நின்றுகொள்வாள். மற்ற அம்மாக்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பாதி நேரம் எனக்குத் தெரியாது. அவர்கள் சிரித்து முடித்த பிறகு நானும் சிரித்து வைப்பேன்.

தங்கை உத்திரமேரூரில் ஒரு பிரஸ்ஸில் பிழை பார்க்கிறாள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி எல்லாப் பத்திரிகையும் அங்கே அடிப்பார்கள். அப்பா உயிரோடு இருந்தபோது தன் சிநேகிதரான அந்த முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்ட வேலை. அவள் கண்ணில் பட்டால் ஒரு ஒற்று தப்பாது. அந்தத் தொழிலில் எழுத்துப் பிழையைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. பேர் வரிசை மாறுவது. பெரியப்பா பேர் சித்தப்பாவுக்குக் கீழே போய்விட்டால் கல்யாணமே நின்றுபோகும். அதனால் யார் வந்தாலும் முதலாளி முதலில் கேட்பது இதைத்தான்: "வூட்ல கடைசியா அடிச்ச பத்திரிக கொண்டாந்தீங்களா? அதும்படியே அடிச்சிடலாம்." அந்த வீட்டு வழக்கம் எப்படியோ அப்படியே. இதைத் தங்கை என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். விதி என்றால் அவளுக்குப் பிடிக்கும்.

அப்பா போன பிறகு மூன்று வருடமாகக் காலையில் பஸ்ஸில் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் போய்க் கூட்டி வருவதும் அம்மா. தனியாகப் போகிறேன் என்று அவள் கேட்காத நாளில்லை. "காலம் கெட்டுக் கீது" என்பாள் அம்மா. வீட்டுக்கு வந்ததும் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். இருபத்தேழு வயதுப் பெண்ணிடம் தன் வீட்டுச் சாவி கிடையாது.

4

குடியுரிமை அலுவலகத்துக்குப் போய் வந்த மூன்றாம் நாள் அம்மா கூப்பிட்டாள். அம்மா தானாகக் கூப்பிடுவது அபூர்வம்.

"உன் தங்கச்சி பண்ண வேலையக் கேட்டியா? பதிவாபீஸ் பலகையில பேரு ஒட்டி வச்சிக்கீறான். இவ பேரும், பிரஸ்ல பேப்பர் வெட்ற மிஷின் ஓட்டிக்கினு கீறானே, அருளு, அவன் பேரும். கல்யாணம் பண்ணிக்கப் போறாங்களாம். முப்பது நாளுக்குள்ள ஆருக்காச்சும் ஆட்சேபண கீதான்னு கேக்கறான். ஊரே படிச்சிட்டு வந்து என்னை எழவு விசாரிக்கிற மாரி விசாரிக்குது."

"அவகிட்ட கேட்டியாம்மா?"

"கேட்டேன். 'நான் மேஜர்'ங்கறா. நியூஸ் வாசிக்கிறா எனக்கே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, அம்மாவுக்குக் கேட்கவில்லை.

"உங்க மாமன் போய் விசாரிச்சிட்டு வந்தான். சொந்தமா முடிவு பண்ணத் தெரியாதவங்கன்னா நிறுத்தலாமாம். நான் எய்தினா எவன் மதிப்பான்? நீ எய்தி அனுப்பு. ஜெர்மனில கீற அக்கா எய்தினா அதுக்கு ஒரு மருவாதி கீது."

"அவளுக்குப் புத்தி சரியில்லன்னு நான் எய்தணுமா?"

"புத்தி சரியில்லன்னு ஆருடி சொன்னது? சூது வாது தெரியாதுன்னு எய்து. நாளைக்கு அவன் உட்டுட்டுப் போனா இவ எங்க போய் நிப்பா?"

அருள் எந்தத் தெருப் பையன் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பேரைக் கேட்டதும் எனக்குத் தெரிந்தது, மாமா முதல் வேலையாக அதைத்தான் விசாரித்திருப்பார். எங்கள் நிலத்தில் நடவுக்கு வருகிறவர்களின் தெரு, மாதா கோயிலுக்குப் பின்னால். ஆனால் அம்மாவின் பயம் அது மட்டும் என்று சொன்னால் அதுவும் பொய். போனை வைக்கும்முன் குரல் உடைந்து ஒன்று சொன்னாள்.

"நீ அந்தாண்ட போய்ட்டே. இவளும் பூட்டா நான் ஆருக்குடி சோறாக்கறது?"

5

மறுநாள் ஒன்றரைக்குத் தங்கை கூப்பிட்டாள். ஏன் அருள் என்று கேட்டேன். கேட்டுவிட்டு என்னையே நொந்துகொண்டேன். செந்திலை ஏன் கட்டிக்கொண்டாய் என்று என்னை யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

"வெட்டும் இயந்திரம் மிகவும் சத்தம் போடும், அக்கா. அவர் ஒவ்வொரு முறையும் அதைப் போடுவதற்கு முன்னால் என்னிடம் சொல்வார். நான் காதைப் பொத்திய பிறகுதான் போடுவார். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட மறக்கவில்லை."

"அதுக்காகவா?"

"அது போதாதா?" என்றாள். எதிர்க்கேள்வியாகக் கேட்கவில்லை. போதுமா போதாதா என்று என்னிடம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறை பார்த்திருக்கிறார்களாம். ஒரு சமையல்கட்டு, ஒரு ஜன்னல். "இரண்டு சாவி. ஒன்று எனக்கு" என்றாள். அதையே மூன்று தடவை சொன்னாள். "கட்டிப் பிடித்துக்கொள்ளலாமா என்றும் அவர் கேட்பார். சில நாள் வேண்டாம் என்பேன். சரி என்பார். நானும் அவரிடம் கேட்பேன். அவர் இதுவரை வேண்டாம் என்று சொன்னதில்லை." நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்னை யாரும் எதுவும் கேட்டுச் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அம்மா என்னிடம் கடிதம் கேட்டதை அவளுக்குச் சொன்னேன்.

"நீ எழுதினால் நிறுத்திவிடுவார்கள். அம்மா எழுதினால் நான் பதில் சொல்லிவிடுவேன். நீ எழுதினால் எனக்குப் பதில் தெரியாது" என்றாள்.

அந்த வாரம் என் மேசையில் எழுத வேண்டிய கடிதங்கள் இரண்டு. எனக்கு ஒரு தங்கை உண்டு என்று காஸலுக்கு ஒன்று. அந்தத் தங்கைக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று உத்திரமேரூருக்கு ஒன்று. யோக்கியமாகச் சொல்கிறேன், இரண்டாவதைத்தான் முதலில் ஆரம்பித்தேன். பயம்தான். அவளை யாராவது ஏமாற்றினால், அடித்தால், பாதியில் விட்டுவிட்டுப் போனால், நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? 'என் தங்கை தானாக முடிவெடுக்கும் நிலையில்' என்பது வரை எழுதிவிட்டேன்.

பின்னால் வந்து நின்ற இனியா, "யாருக்கு லெட்டர்?" என்றாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. சித்தியைப் பற்றி என்றேன்.

"சித்தி ஆட்டிஸ்டிக்தானே? எங்க கிளாஸ்ல லேனாவும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் பிஸ்கட் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டுக்குள் அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொன்ன முதல் ஆள் அவள். கூரை இடிந்து விழவில்லை.

எனக்குக் கோபம் வந்தது, என் மேலேயே. இருபது நிமிடம் பார்த்த ஒருவரோடு நான் கண்டம் தாண்டி வந்தேன். எனக்கு முடிவெடுக்கத் தெரியுமா என்று எந்தப் பலகையிலும் ஒட்டி யாரும் கேட்கவில்லை. அவள் ஒருவரை மூன்று வருடம் பார்த்திருக்கிறாள். எழுதிய பாதியை அழித்தேன். அம்மாவைக் கூப்பிட்டு எழுதமாட்டேன் என்றேன்.

"அப்ப நீயும் அவங்கூட சேந்துக்கினே" என்று அம்மா போனை வைத்தாள். அதற்குப் பிறகு இன்றுவரை என் போனை எடுக்கவில்லை.

முதல் கடிதத்தை எழுதி முடித்தேன். 'என் தங்கை அப்போதும் இருந்தாள். நாங்கள் மறைத்தோம்.' செந்தில் இலக்கணம் திருத்திக் கொடுத்தார். திருத்திவிட்டு, "எங்கம்மாவுக்கும் தெரியப்போகுது இல்ல?" என்றார். தெரியட்டும் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

6

முப்பது நாளில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மாமா எழுதித் தருவதாகச் சொல்லியும் அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டாளாம். ஏன் என்று எனக்குத் தெரியாது. கேட்கத்தான் அம்மா போனை எடுப்பதில்லையே.

போன வாரம் பத்திரிகை வந்தது, வாட்ஸப்பில் படமாக. இளமஞ்சள் அட்டை. ஒரு பிழை இல்லை. மணமகன் பக்கம் அவர் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி. மணமகள் பக்கம் அமரர் ஏழுமலை, தாயார் பேர். அவ்வளவுதான். கீழே சின்ன எழுத்தில்: 'மேளம், மைக் செட், பட்டாசு கிடையாது.'

என் பேர் இல்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி நாலு ஓரமும் தேடினேன். இல்லை. பழி வாங்கிவிட்டாள் என்றே நினைத்தேன். வாங்கட்டும், எனக்கு வேண்டியதுதான் என்றும் நினைத்தேன். ஆனாலும் வலித்தது.

ஒன்றரைக்குக் கூப்பிட்டாள். எழுத்து எப்படி இருக்கிறது என்றாள். பிரமாதம் என்றேன்.

"என் பேரு இல்லியே" என்றேன்.

"ஆமாம். நம் வீட்டில் கடைசியாக அடித்த கல்யாணப் பத்திரிகை உன்னுடையதுதான். அதை வைத்துத்தான் அடித்தோம். மற்ற வீட்டுப் பத்திரிகைகளில் எல்லாம் அக்கா தங்கை பேர் வரும். நம் வீட்டில் போடுவதில்லை. அது நம் வீட்டு வழக்கம்."

ஒன்பது வருடமாக அவள் அதை வழக்கம் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு யார்மேலும் ஒரு குறையும் இல்லை. அப்படியே விட்டிருக்கலாம். விட மனசு வரவில்லை.

"அது வழக்கம் இல்லடி. உன்னைப் பத்தித் தெரிஞ்சா மாப்பிள்ள வூட்டுக்காரங்க வேணான்னுடுவாங்கன்னு உன் பேர வேணும்னே எடுத்தோம். மேளச் சத்தம்னு நான் சொன்னதும் பொய்."

அந்தப் பக்கம் அவள் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்படியானால் இது பிழை" என்றாள். "உன் பேரைச் சேர்க்க வேண்டும். நூறுதான் அடித்திருக்கிறோம். நான் பேனாவால் எழுதிவிடுகிறேன்."

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். "என் பத்திரிக உங்கிட்ட கீது இல்ல? அதுலயும் உன் பேர எய்திக்கோடி" என்றேன்.

அவள் யோசித்தாள். "உன் கல்யாணம் முடிந்துவிட்டதே, அக்கா. இப்போது எழுதினால் யார் படிப்பார்கள்?"

பின்னால் ஒரு ஆண் குரல், அருளாகத்தான் இருக்க வேண்டும்: "மிஷின் போடப் போறேன்."

"காதைப் பொத்த வேண்டும், வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். இடைவேளையில் இன்னும் ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தது. கழுவ வேண்டிய பாத்திரங்கள் காத்திருந்தன. நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். அம்மா கதவைத் திறப்பாளா தெரியாது. அதற்கு முன்னால் இதை எழுதி உங்களுக்கு அனுப்புகிறேன். நீங்கள் அச்சில் போட்டால் சேலத்திலும் படிப்பார்கள், தாமலிலும் படிப்பார்கள், எங்கள் ஊரிலும் நாலு பேர் படிப்பார்கள். இதில் உன் பேர் போடலாமா என்று அவளிடம் கேட்டேன். பத்து வயதில் என் நோட்டு ஒன்றை எடுப்பதற்குக்கூட அவள் என்னிடம் அனுமதி கேட்டாள். நான் அவளிடம் அனுமதி கேட்டது இதுதான் முதல் தடவை. போடலாம், ஆனால் இனிஷியலை விட்டுவிடாதே என்றாள்.

என் உடன்பிறந்தவள் ஒருத்தி. தங்கை. ஏ. பவானி.